எட்டுப் புள்ளிக்காரருக்கு என்ன விலை?

2011 டிசம்பர் மாதம். அமெரிக்கக் கூடைப்பந்தின் உச்ச அரங்கமான என்.பி.ஏ.வில் அணி முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் இடையே ஐந்து மாதத்துக்கு மேல் இழுத்த சம்பளத் தகராறு அப்போதுதான் தீர்ந்திருந்தது. வழக்கமான 82 ஆட்டங்கள் 66 ஆகச் சுருங்கின. கிறிஸ்துமஸ் அன்று முதல் ஆட்டம் என்று அறிவித்துவிட்டார்கள். பழைய ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் கட்டுப்படாமல் நின்ற ஃப்ரீ ஏஜென்ட் வீரர்களை அணிகள் அவசர அவசரமாக வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தன. மயாமி ஹீட் அணி கண் வைத்தது ஷேன் பேட்டியர் மேல்.

மயாமியிடம் ஏற்கெனவே லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் என்று மூன்று பெரிய நட்சத்திரங்கள் இருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டும் அந்த ஜூன் மாத இறுதிப் போட்டியில் டல்லஸ் அணியிடம் 4-2 என்று தோற்றுப்போயிருந்தது. பேட்டியருக்கு வயது 33. களத்தின் பக்கவாட்டில் நின்று ஆடும் 'விங்' வீரர். வேகம் சுமார், எம்பிக் குதிப்பதும் சுமார்தான். நட்சத்திர ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வானதில்லை. கடைசியில் அவர் ஓய்வு பெற்றபோது மொத்த ஆட்டங்களின் சராசரி 8.6 புள்ளி, 4.2 ரீபவுண்ட். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் யாரும் நின்று இரண்டாவது முறை படிக்க மாட்டார்கள்.

இவரை எடுக்கலாமா, கூடாதா? இது ஏதோ ஒரு அணியின் கொடுக்கல் வாங்கல் என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. ஐந்து பேர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது புள்ளியியலின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்று. அதற்குக் கண்டுபிடித்த பதில்கள் கூடைப்பந்துக்கு வெளியே, வேதியியல் ஆலையிலும் கணிதத் துறையிலும் பிறந்தவை. அந்தப் பதில்களைப் பொருத்திப் பார்க்க பேட்டியரைவிட நல்ல ஆள் கிடைப்பது அரிது.

முதலில் ஸ்கோர் பட்டியலைப் பார்ப்போம். அதில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் என்று பத்தியாகப் போட்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை பந்து தொடர்பான செயல்கள். ஆனால் ஆட்டம் நடக்கும் 48 நிமிடத்தில் ஒரு சாதாரண விங் வீரரின் கையில் பந்து இருப்பது சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் அவர் எங்கே நின்றார், யாரை மறித்தார், எதிரியை எந்தப் பக்கம் திருப்பிவிட்டார் என்பதற்குப் பட்டியலில் பத்தியே கிடையாது.

பேட்டியரின் ஆட்டம் முழுக்க அந்த மீதி நேரத்தில்தான் நடந்தது. 2006இல் அவர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு மாறினார். அங்கே 2007இல் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற டேரில் மோரி கணினி அறிவியல் படித்தவர். எதிரணி நட்சத்திரம் எந்த இடத்திலிருந்து எறிந்தால் எத்தனை விழுகிறது என்ற கணக்கை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு பேட்டியர் கையில் கொடுப்பார்கள். அவர் அதைப் பாடம்போலப் படித்துவிட்டு இறங்குவார். 2009 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி ஹூஸ்டனுக்கு வந்தபோது எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் உடனிருந்து பார்த்து, அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அன்று பேட்டியர் மறிக்க வேண்டியவர் கோபி பிரையன்ட்.

பிரையன்டை நிறுத்துவது யாராலும் ஆகாத காரியம். ஆனால் அவர் எங்கிருந்து எறிகிறார் என்பதை மாற்ற முடியும். இதில் உள்ள கணக்கு எளிமையானது. வளையத்துக்கு அடியில் போய் எறிந்தால் பொதுவாகப் பத்தில் ஆறு விழும். ஒன்றுக்கு இரண்டு புள்ளி என்பதால் சராசரியாக ஒரு ஷாட்டுக்கு 1.2 புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நூற்றுக்கு 36 விழுந்தால் 1.08. ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்துவிட்டால் 1.5. கோட்டுக்குச் சற்று உள்ளே, ஓடிக்கொண்டே எம்பி எறியும் நீண்ட ஷாட் நூற்றுக்கு 40தான் விழும். அதன் மதிப்பு 0.8. பேட்டியர் பிரையன்டை இந்தக் கடைசி வகை ஷாட்டை நோக்கியே தள்ளிக்கொண்டு போவார். எறியும் நேரத்தில் பந்தைத் தட்டப் பார்க்க மாட்டார். அப்படிச் செய்தால் ஃபவுல் ஆகிவிடும். உள்ளங்கையை விரித்துப் பிரையன்டின் கண்ணுக்கு நேரே, முகத்தைத் தொடாமல் நீட்டுவார். வளையம் மறையும், அவ்வளவுதான். பந்து விழாமல் போனால் ஸ்கோர் பட்டியல் அதைப் பிரையன்டின் தவறாக எழுதிக்கொள்ளும். பேட்டியரின் கணக்கில் எதுவும் ஏறாது.

ஒரு ஷாட்டுக்கு 0.3 புள்ளி குறைந்தது என்று வையுங்கள். பிரையன்ட் போன்றவர் ஒரு ஆட்டத்தில் இருபது ஷாட்டாவது எறிவார். ஆறு புள்ளி காணாமல் போய்விட்டது! பேட்டியர் தானே எறிந்து சேர்க்கும் புள்ளிகளுக்கு ஏறக்குறைய சமம். பட்டியலில் தெரியும் பேட்டியர் பாதி ஆள்தான்.

அந்த ஆட்டத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். கடைசி நிமிடத்தில் பிரையன்ட் வளையத்திலிருந்து 27 அடிக்கு அப்பால் நின்று, பேட்டியரின் கை முகத்துக்கு நேரே இருக்க, மூன்று புள்ளி ஷாட் ஒன்றை எறிந்தார். விழுந்தது. லேக்கர்ஸ் வென்றது. பேட்டியர் செய்தது அத்தனையும் சரி. அந்த இடத்திலிருந்து அந்த நிலையில் எறியும் ஷாட் பெரும்பாலும் விழாது, அன்று விழுந்தது. ஒரு முடிவு சரியா தப்பா என்பது வேறு, அதன் பலன் நல்லதா கெட்டதா என்பது வேறு.

பட்டியலுக்கு வெளியே நடக்கும் வேலையை எப்படி அளப்பது? ஐஸ் ஹாக்கியில் 1950களிலேயே ஒரு வழி இருந்தது. ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் அவர் அணி எத்தனை எடுத்தது, எத்தனை கொடுத்தது என்று கழித்துப் பார்ப்பது. கூடைப்பந்திலும் அதையே 'பிளஸ்-மைனஸ்' என்பார்கள். ஒருவர் ஆடிய 36 நிமிடத்தில் அணி 70 எடுத்து 64 கொடுத்திருந்தால் அவருக்கு +6. மறிப்பது, இடம் விட்டு நிற்பது, சரியான நேரத்தில் கத்தி எச்சரிப்பது, எல்லாமே இந்த எண்ணுக்குள் வந்துவிடும். எதையும் பத்தி பிரித்து எழுத வேண்டியதில்லை.

ஆனால் தேவையில்லாததும் உள்ளே வந்துவிடும். லெப்ரான் ஜேம்ஸோடு சேர்ந்து ஆடுகிற யாருக்கும் நல்ல எண் கிடைக்கும். எதிரணியின் மாற்று வீரர்கள் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து ஆடுகிறவருக்கும் கிடைக்கும். இதைச் சரிசெய்ய ஒரு வழி, கேட்கும்போதே சிலிர்ப்பூட்டும் வழி, இருக்கிறது: எல்லாரையும் ஒரே நேரத்தில் கணக்கில் எடுப்பது.

ஒரு ஆட்டத்தில் ஆள் மாறும்போதெல்லாம் ஆட்டம் ஒரு துண்டாக வெட்டுப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் களத்தில் பத்தே பேர். மயாமிக்கு சால்மர்ஸ், வேட், ஜேம்ஸ், பேட்டியர், பாஷ். ஓக்லஹோமா சிட்டிக்கு வெஸ்ட்புரூக், செஃபலோஷா, டுரான்ட், இபாக்கா, பெர்கின்ஸ் என்று வையுங்கள். அந்த மூன்று நிமிடத்தில் மயாமி இரண்டு புள்ளி முந்தியது என்றால், முதல் ஐவரின் மதிப்பைக் கூட்டி, அடுத்த ஐவரின் மதிப்பைக் கழித்தால் வருவது அந்த இரண்டு. இது ஒரு சமன்பாடு. அடுத்த துண்டில் பாஷ் வெளியே போய் வேறொருவர் வந்தால் இன்னொரு சமன்பாடு. ஒரு முழு ஆண்டில் 30 அணிகள், 1,230 ஆட்டங்கள். பல்லாயிரம் சமன்பாடுகள் சேர்ந்துவிடும். கண்டுபிடிக்க வேண்டியவையோ ஏறக்குறைய 450 பேரின் மதிப்புகள். பள்ளியில் இரண்டு சமன்பாட்டை வைத்து x, y கண்டுபிடித்த அதே வேலைதான், அளவுதான் பெரியது. இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் வெய்ன் வின்ஸ்டனும் விளையாட்டுக் கணக்கில் பேர்பெற்ற ஜெஃப் சாகரினும் டல்லஸ் அணிக்காக இதைச் செய்துகொடுத்தார்கள். அப்போதைய டல்லஸ் முதலாளி மார்க் க்யூபன் வின்ஸ்டனின் பழைய மாணவர். பொருளாதார அறிஞர் டான் ரோசன்பாம் 2004இல் இதன் வழிமுறையைப் பொதுவெளியில் விளக்கி எழுதினார்.

எவ்வளவு அழகான யோசனை! யாரும் பேட்டியரின் கையையோ காலையோ எண்ணவில்லை. அவர் இருந்தபோது என்ன ஆனது, இல்லாதபோது என்ன ஆனது, அப்போது கூட இருந்தது யார், எதிரே நின்றது யார் என்பது மட்டும் தெரியும். அதிலிருந்து ஒரு மனிதரின் தடம் தனியாக மேலே எழுந்து வருகிறது. ஹூஸ்டன் தன் சொந்த முறையில் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் பேட்டியரை நம்பியது.

இந்த முறைக்கு ஒரு பெரிய வியாதி உண்டு. எப்போதும் ஒரே மேடையில் சேர்ந்தே வாசிக்கிற நாகஸ்வரக்காரரையும் தவில்காரரையும் எண்ணிப் பாருங்கள். கூட்டம் யாருக்காக வந்தது என்று எப்படிப் பிரிப்பது? இவர் இல்லாமல் அவர் வாசித்த கச்சேரி ஒன்றிரண்டாவது வேண்டும். கூடைப்பந்திலும் சில ஜோடிகள் கிட்டத்தட்ட எல்லா நிமிடமும் சேர்ந்தே ஆடும். அப்போது சமன்பாடுகள் தடுமாறி, ஒருவருக்கு +15 என்றும் கூட இருப்பவருக்கு −12 என்றும் பைத்தியக்கார விடையைக் கொடுக்கும். இரண்டையும் கூட்டினால் சரியாக வரும், தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பொய். ஒரே ஆண்டின் கணக்கை வைத்து இப்படிப் போட்ட எண்கள் அடுத்த ஆண்டே தலைகீழாகப் புரண்டதில் வியப்பில்லை.

மருந்து வேதிப் பொறியியலிலிருந்து வந்தது. ஆலைகளிலும் இதே தொல்லை உண்டு. வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். விளைச்சலைக் கூட்டியது எது என்று தெரியாது. டூபான்ட் நிறுவனத்தில் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய ஆர்தர் ஹோர்ல், ராபர்ட் கென்னார்டுடன் சேர்ந்து 1970இல் 'ரிட்ஜ் ரிக்ரஷன்' என்ற முறையை வெளியிட்டார். பெரிய எண்ணைச் சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் ஒரு அபராதம் போடுவது அதன் சாரம். ஆதாரம் பலமாக இருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டு விடை நிற்கும். ஆதாரம் மெலிந்திருந்தால் விடை சராசரியை நோக்கிச் சுருங்கிவிடும். 2010இல் எம்.ஐ.டி. ஸ்லோன் விளையாட்டுப் பகுப்பாய்வு மாநாட்டில் ஜோ சில் இதைப் பிளஸ்-மைனஸ் கணக்கில் பொருத்திக் காட்டினார். கணக்கில் சேர்க்காத ஆட்டங்களை வைத்துச் சோதித்ததில், சுருக்கிய எண்கள் சுருக்காதவற்றைவிடத் தெளிவாக நன்றாகக் கணித்தன.

வேண்டுமென்றே விடையைக் கோணலாக்கினால் எப்படி உண்மைக்கு நெருங்கும்? 1956இல் ஸ்டான்ஃபோர்டின் சார்ல்ஸ் ஸ்டைன் இதை நிறுவியபோது கணித உலகம் நம்ப முடியாமல்தான் பார்த்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒரே நேரத்தில் மதிப்பிட வேண்டியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதனதன் சராசரியையே விடையாக வைப்பது சிறந்த வழி ஆகாது. எல்லாவற்றையும் ஒரு பொது நடுவை நோக்கிச் சற்றே இழுத்தால் மொத்தப் பிழை குறையும். 1961இல் வில்லார்ட் ஜேம்ஸுடன் சேர்ந்து எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரமும் கொடுத்தார்.

பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும் இதை 1970ஆம் ஆண்டின் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் 18 பேரை வைத்து விளக்கினார்கள். ஒவ்வொருவரும் முதல் 45 தடவை மட்டை பிடித்ததை வைத்து ஆண்டின் மீதிப் பகுதியைக் கணிக்க வேண்டும். பட்டியலின் உச்சியில் ராபர்ட்டோ கிளமென்ட்டே: 45க்கு 18, அதாவது 0.400. பதினெட்டுப் பேரின் சராசரியோ 0.265. ஸ்டைன் முறை கிளமென்ட்டேயை 0.29 அருகே இழுத்துவிட்டது. மற்ற பதினேழு பேருக்கும் இதே போல நடுவை நோக்கி ஒரு இழுப்பு. ஆண்டு முடிந்ததும் பார்த்தால், இழுக்காத எண்களின் மொத்தப் பிழை இழுத்தவற்றின் பிழையைப்போல மூன்றரை மடங்கு!

அந்தப் பட்டியலில் கிளமென்ட்டே மேல்தான் எனக்குக் கண். ஆண்டின் மீதியில் அவர் அடித்தது 0.346. நடுவை நோக்கி இழுத்தது அவரை அளவுக்கு மீறிக் கீழே இறக்கிவிட்டது. ஏனென்றால் அவர் 45 தடவை மட்டை பிடித்த புது ஆள் இல்லை. அதற்கு முன்பே நான்கு முறை லீக்கின் முதல் மட்டையாளராக வந்தவர். அவரை ஊர்ச் சராசரியை நோக்கி இழுக்காமல் அவருடைய சொந்த வரலாற்றை நோக்கி இழுத்திருக்க வேண்டும். எந்த நடுவை நோக்கி இழுப்பது என்று தெரிந்தவரே நல்ல மதிப்பீட்டாளர். இதைக் கூடைப்பந்தில் எத்தனை பேர் மறக்கிறார்கள்! இரண்டு மாதம் நன்றாக ஆடிய 22 வயதுக்காரரைப் பத்து ஆண்டு அனுபவசாலிக்குச் சமமாக வைத்துச் சம்பளம் பேசுகிறார்கள்.

இப்போது பேட்டியரின் ஷாட்டுக்கு வருவோம். மயாமிக்கு அவர் தேவைப்பட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மறிப்பது. இன்னொன்று, ஜேம்ஸும் வேடும் உள்ளே பாயும்போது வெளியே நின்று மூன்று புள்ளி எறிவது. களத்தின் மூலையில் அந்தக் கோடு வளையத்திலிருந்து 22 அடிதான். நடுவில் 23 அடி 9 அங்குலம். மூலையில் நிற்பவர் நன்றாக எறிகிறவராக இருந்தால் அவரை மறிக்கும் ஆள் அவரை விட்டு நகர முடியாது. நகராவிட்டால் ஜேம்ஸ் எதிரே ஒரு ஆள் குறைவு. ஆக, எறியாமல் நிற்கும்போதும் அந்தச் சதவீதம் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் அவருடைய உண்மையான சதவீதம் என்ன என்பது பெரிய கேள்வி.

நூற்றுக்கு 38 போடக்கூடிய ஒருவர் ஒரு ஆண்டில் 200 மூன்று புள்ளி ஷாட் எறிகிறார் என்று வைப்போம். அவர் திறமையில் ஒரு துளி மாற்றமும் இல்லை. இருந்தாலும் வெறும் தற்செயலால் மட்டுமே அவர் எண் வழக்கமாக மூன்றரை சதவீதப் புள்ளி இப்படியும் அப்படியும் ஆடும். ஒரு ஆண்டு 31 என்றும் இன்னொரு ஆண்டு 45 என்றும் வந்தால்கூட அதிசயம் இல்லை. நூற்றுக்கு 36 போடுகிறவரையும் 39 போடுகிறவரையும் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல ஏறத்தாழ ஆயிரம் ஷாட் வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டு ஆகும். அதற்குள் ஒப்பந்தமே முடிந்து, முழங்காலும் தேய்ந்திருக்கும்.

பேட்டியரிடம் அந்த ஆயிரம் ஷாட்டுக்கு மேல் இருந்தது. பத்து ஆண்டு ஆடிவிட்டு வந்தவர். அவருடைய வாழ்நாள் அளவு 38.4 சதவீதம். மயாமியில் அவருடைய மூன்று ஆண்டுகளைப் பாருங்கள்: முதல் ஆண்டு 33.9, இரண்டாம் ஆண்டு 43.0, மூன்றாம் ஆண்டு 34.8. முதல் ஆண்டில், வயதாகிவிட்டது, கை போய்விட்டது என்று சொல்லத் தோன்றும். இரண்டாம் ஆண்டில், புது வித்தை கற்றுக்கொண்டார் என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் இந்த ஏற்ற இறக்கங்களுக்குப் பெரும்பாலும் தற்செயலே போதும். தனிக் காரணம் தேட வேண்டியதே இல்லை. ஒரே மனிதர், ஒரே கை, கொஞ்சம் தேய்மானம்.

தேய்மானத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. 33 வயதில் விங் வீரரின் கால்கள் நிச்சயம் இறங்குமுகம்தான். வேகத்தை நம்பி ஆடியவர் அந்த வயதில் சட்டென்று சரிந்துவிடுவார். பேட்டியர் நம்பியது இடத்தையும் நேரத்தையும். அவை மெதுவாகவே தேயும். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் இரண்டு நன்றாக இருக்கும், மூன்றாவது சந்தேகம் என்று யாரும் கணித்திருக்கலாம். அப்படியேதான் ஆனது.

சமன்பாடு தொடாத ஒரு இடமும் இருக்கிறது. ஐந்து பேரின் மதிப்பைக் கூட்டினால் அணியின் மதிப்பு வரும் என்பது அதன் அடிப்படை. நிஜத்தில் மனிதர்கள் அப்படிக் கூட்டலுக்குள் அடங்குவதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆட விரும்பும் நால்வரை ஒன்றாக விட்டால் நான்கு மதிப்பும் சேராது, ஒன்றையொன்று தின்னும். பேட்டியர் பந்து கேட்காதவர். ஜேம்ஸிடமிருந்தும் வேடிடமிருந்தும் எதையும் பறிக்காமல் தன் வேலையைச் செய்யக்கூடியவர். 2012 மே மாதம் இந்தியானாவுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில் கிறிஸ் பாஷ் வயிற்றுத் தசையில் காயம் பட்டு வெளியேறியபோது, தன்னைவிடக் கனமான டேவிட் வெஸ்டை மறிக்கும் வேலை பேட்டியருக்கு வந்தது. தோளைக் கொடுத்து, இடிபட்டு, தள்ளுப்பட்டு நின்றார். பெரிய உடம்புக்காரர்கள் இருவர் என்ற பழைய அமைப்பை விட்டுவிட்டு, வேகமாக ஓடும் சிறிய அணியாக மயாமி மாற அதுவும் ஒரு காரணம். இதை 2011 டிசம்பரில் எந்தக் கணினியும் சொல்லியிருக்க முடியாது. பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா தன் கண்ணால் பார்த்துத் தீர்மானித்தது.

விலைக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கேள்வி கடைசியில் அங்கேதான் முடியும். அந்த ஆண்டு ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு ஏறத்தாழ 5.8 கோடி டாலர். மயாமியின் மூன்று நட்சத்திரங்களுக்கு மட்டுமே 4.8 கோடி போய்விட்டது. வரம்பைத் தாண்டி ஆடம்பர வரி கட்டும் அணி வெளியாளை எடுக்கப் புதிய உடன்பாடு விட்டுவைத்த சிறிய சந்து, ஆண்டுக்கு 30 லட்சம் டாலரில் தொடங்கும் மூன்றாண்டு ஒப்பந்தம். மொத்தம் ஏறத்தாழ 94 லட்சம். அந்தப் பணத்துக்கு ஆட்டத்துக்கு 15 புள்ளி எடுக்கும் விங் கிடைக்க மாட்டார். 15 புள்ளி எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் போட்டி போட்டு விலையை ஏற்றிவிடுவார்கள். கண்ணுக்கு நேரே நீட்டிய கைக்கு விலை ஏற்ற ஆள் குறைவு. சந்தை சரியாகப் பார்க்காத திறமையைத் தேடுவதைத் தவிர, கை கட்டப்பட்ட ஒரு அணிக்கு வேறு வழி கிடையாது.

2012 இறுதிப் போட்டியில் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான முதல் இரண்டு ஆட்டங்களிலும் பேட்டியர் 17 புள்ளி எடுத்தார். அந்தத் தொடர் முழுவதும் 26 மூன்று புள்ளி ஷாட்டில் 15 விழுந்தது. மயாமி 4-1 என்று கோப்பையை வென்றது. நூற்றுக்கு 38 போடுகிறவருக்கு 26இல் பத்து விழுவதே முறை. மீதி ஐந்து அவருக்குக் கிடைத்த வரவு.

மறு ஆண்டு அந்த வரவு திரும்பிப் போனது. 2013 பிளே ஆஃபில் ஷாட்கள் விழவே மறுத்தன. இந்தியானாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அவரைக் களத்தில் இறக்கவே இல்லை. 38 சதவீதக்காரர் ஒரு மாதம் 25 சதவீதக்காரராகத் தெரிவதற்கும் சுருக்கும் கணக்கில் இடம் உண்டு. நம்பிக்கையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. அடுத்து சான் அன்டோனியோவுக்கு எதிரான இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஜூன் 20 அன்று நடந்த அந்த ஏழாவது ஆட்டத்தில் ஸ்போல்ஸ்ட்ரா பேட்டியரை மீண்டும் நம்பி ஆட விட்டார். எட்டு மூன்று புள்ளி ஷாட்டில் ஆறு விழுந்தது. 18 புள்ளி. மயாமி 95-88 என்று வென்று தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகக் கோப்பையை எடுத்தது.

அந்தக் கடைசி எண்ணை மட்டும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். எட்டு ஷாட்டில் மூன்று விழுவதே பேட்டியரின் இயல்பு. அன்று மூன்று மட்டும் விழுந்திருந்தால் மயாமிக்கு ஒன்பது புள்ளி குறைந்திருக்கும். வெற்றி வித்தியாசமோ ஏழு. மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் கோப்பை சான் அன்டோனியோவுக்குப் போயிருக்கும். கோப்பைக்கும் தோல்விக்கும் நடுவே இருந்தது தற்செயலாய் விழுந்த மூன்று பந்துகள்.

2014இல் மயாமி அதே சான் அன்டோனியோவிடம் 4-1 என்று தோற்றது. பேட்டியர் ஓய்வு பெற்றார். ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டில் அணிக்குக் கிடைத்தது கொஞ்சம்தான்.

பேட்டியரை எடுத்தது சரியா? சரிதான். அந்த மூன்று பந்துகளும் வெளியே தெறித்திருந்தாலும் என் தீர்ப்பு இதுவேதான். 2011 டிசம்பரில் தெரிந்த அளவில், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஷாட்டுகளின் வரலாறும், கூட ஆடியவர்களைக் கழித்த பிறகும் நின்ற மதிப்பும், பந்து கேட்காத குணமும் கொண்ட ஒரு விங் வீரர், ஆண்டுக்கு 30 லட்சம் டாலருக்குக் கிடைத்தார். இன்றும் எந்த அணியாவது அப்படி ஒருவர் முன் தயங்கி நின்றால், அவருடைய புள்ளிச் சராசரியை மூடி வைத்துவிட்டு, அவர் களத்தில் இருந்த நேரத்தில் மற்ற ஒன்பது பேருக்கு என்ன ஆனது என்ற தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.